மெஷினரி சார்

சித்திரைப் பௌர்ணமியன்று காலை ஏழு ஐம்பதுக்கு, யமலிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு நீர்மோர்ப் பந்தலில், டம்ளர் வாங்குவதற்காக என் மகள் என் கையை விட்டாள். செருப்புகள் இருந்த துணிப்பையை நான் தோள் மாற்றிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் நின்ற இடத்தில் வேறு ஏதோ ஒரு குழந்தை மோர் குடித்துக்கொண்டிருந்தது.

நேரம் எப்படித் தெரியும் என்றால், ஓசூரில் வேலை பார்க்கும் என் கணவர் அப்போதுதான் பேசி முடித்து போனை வைத்திருந்தார். “கூட்டம் ஜாஸ்தியா இருக்குதா?” என்று கேட்டார். “இருக்குது, ஆனா நாங்க ஓரமாத்தான் போறோம்” என்றேன். அந்த அழைப்பு முடிந்த நேரம் இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

இனியாவுக்குப் பத்து வயது. பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை. நான் கத்திக்கொண்டே முன்னால் கொஞ்ச தூரம் ஓடினேன். பிறகு திரும்பி ஓடப் பார்த்தேன், முடியவில்லை. கிரிவலப் பாதையில் எல்லோரும் ஒரே திசையில்தான் வருவார்கள். மலை வலது கைப் பக்கம் இருக்கவேண்டும். எதிரே ஒருத்தி வந்தால் கூட்டம் அவளை இடிக்கும், திட்டும், பிறகு தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். “இன்னாம்மா, இந்தப் பக்கம் வர்ற?” என்று யாரோ என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். அப்படித் திருப்பிவிடப்பட்டு நான் போய்ச் சேர்ந்த இடம்தான் உதவி மையம் என்று பெயர்ப்பலகை வைத்திருந்த தகரப் பந்தல். அதன் வாசலில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில், சட்டைப் பையில் இரண்டு பேனாவுடன், அவர் உட்கார்ந்திருந்தார்.

பல வருஷம் கழித்துப் பார்க்கிறேன். முடி முழுக்க வெளுத்திருந்தது. விபூதிக் கீற்று மட்டும் அதே அகலம்.

“உக்காரும்மா,” என்றார். “மெஷினரி இருக்குது.”

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர்தான் எங்கள் பிரிவின் சூப்பிரண்டெண்ட். அவருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. ஆனால் கீழே வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மேலே தபால் பிரிவுவரை எல்லோருக்கும் அவர் மெஷினரி சார். அவர் எதிரிலேயே அப்படிச் சொல்லிவிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

சேர்ந்த முதல் வாரம் என்னைக் கூப்பிட்டு, ஒரு ஆங்கிலச் சுற்றறிக்கையைக் காட்டி, “மெஷினரின்னா இன்னாம்மா?” என்று கேட்டார். “இயந்திரங்கள் சார்,” என்றேன். “சரி. ரைஸ் மில்லுல ஓடறது மெஷினரி. போர் போடற லாரியில இருக்கிறது மெஷினரி. சரிதான்.” பிறகு எழுந்து சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, பின்பக்க மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். “இது இன்னா?” பல்சக்கரங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. “மணி காட்டறது வெளிய. காட்ட வைக்கிறது உள்ள. அதுவும் மெஷினரி.” அதை அப்படியே நீட்டி அறையைச் சுற்றிக் காட்டினார். தபால் பதிகிறவர், டீ டம்ளர் எடுக்கிற அம்மா, ஜன்னல் வழியாகத் தெரிந்த ஜீப், கடைசியில் நான். “இதுவும்.”

நான் தலையாட்டினேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து மேஜைக்காரர் குனிந்து, “அஞ்சு வருஷமா நானும் தலையாட்டறேன். கடிகாரத்தை மாட்டறதுக்கு ஸ்டூல் கொண்டாந்து போடுங்க, அது போதும்” என்றார்.

அவருக்கு அந்த வார்த்தை எதற்கும் பயன்பட்டது. வயிறு சரியில்லை என்றால், “உள் மெஷினரி சரியில்லை” என்பார். கல்யாணப் பந்தியில் இலைபோடுகிறவனும் சாம்பார்க்காரனும் சரியான இடைவெளியில் வந்தால், சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ரசித்து, “மெஷினரி பிரமாதம்” என்பார். சாம்பாரின் ருசியைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். ஒருமுறை, “மெஷின் நின்னா சத்தம் நிக்கும். மெஷினரி நின்னா சத்தம் ஜாஸ்தியாவும்,” என்றார். அது மட்டும் எனக்குக் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. பஸ் நிலையத்தில், ரேஷன் கடையில், எங்கே கூச்சல் கேட்டாலும் அது ஞாபகம் வரும்.

பௌர்ணமி ஏற்பாடுகள்தான் அவருடைய உயிர். தண்ணீர்த் தொட்டி எங்கே, ஆம்புலன்ஸ் எங்கே, உதவி மையம் எங்கே என்று அவர் போட்ட வரைபடத்தைத்தான் பின்னால் வந்தவர்களும் வைத்துக்கொண்டார்கள். ஒரு பௌர்ணமிக்கு, எல்லா ஊராட்சிகளும் தங்கள் மெஷினரியை முழுமையாகத் தயார்நிலையில் வைக்கவேண்டும் என்று அவரே ஒரு குறிப்பு அனுப்பினார். அவர் நினைத்தது ஆட்களை, முறைப்பணியை, பொறுப்புகளை. மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் ஒரு ஜேசிபி, இரண்டு கொசுமருந்துப் புகை வண்டி, ஒரு தண்ணீர் மோட்டார். ஊராட்சிச் செயலர் ஒருவர் வியர்த்துப்போய், “ஜேசிபி வாடகைக்குத்தான் சார் கிடைச்சுது, சொந்தத்துல இல்ல” என்றார். ஆபீஸே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. மாடி ஜன்னலில் நின்று வெகுநேரம் அந்த ஜேசிபியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவங்க சரியாத்தான் புரிஞ்சிக்கினாங்க,” என்றார் கடைசியில். அவர் குழம்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவரைப் பிடிக்குமா என்று கேட்டால் பிடிக்கும். பயமும் இருந்தது. அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு.

ஒருநாள் காலையில் அவர் மனைவிக்கு வாய் ஒரு பக்கம் இழுத்து இடது கை தொங்கிவிட்டது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். தகவல் தெரிந்து நாங்கள் இரண்டு பேர் ஓடினோம். பெஞ்சில் அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், சாய்ந்திருந்தார். இவர் சீட்டு எழுதும் வரிசையில் நின்றிருந்தார். முன்னால் நிறையப் பேர். அங்கிருந்த பெரிய டாக்டர் ஒருவர் இவருக்கு நன்றாகத் தெரிந்தவர். பௌர்ணமி ஏற்பாட்டுக் கூட்டங்களில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்.

“ஒரு போன் போடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவுது,” என்றேன்.

“போட்டா எனக்கு முன்னாடி நிக்கிறவரு பின்னாடி போவாரு. அவ்ளோதான நடக்கும்?”

“அக்கா கையைப் பாருங்க சார்!”

“பார்த்துனுதான் இருக்கேன்.” அவர் கண் நனைந்திருந்தது. “ஓடற மெஷினரியில நடுவுல கைய விட்டா யாருக்காவது வெட்டும்மா.”

வரிசையிலேயே நின்று, முறைப்படி சீட்டு வாங்கினார். அக்கா பிழைத்துக்கொண்டார். இடது கை மட்டும் பழையபடி வரவில்லை. பின்னொரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, வலது கையால் மாவு ஊற்றி, அதே கையால் தோசைக் கரண்டி எடுத்துத் திருப்பிக்கொண்டு அக்கா சொன்னார். “உங்க சாருக்கு வூடும் ஆபீஸுதான். தோசை தீயுதுன்னு தெரிஞ்சாலும், ஊத்தினவதான் திருப்பணும்னு உக்காந்துனு இருப்பாரு.” சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அன்னைக்கு லேட்டானதால கை போச்சா, போறதுன்னே இருந்துச்சான்னு டாக்டரும் சொல்லல. நானும் கேக்கல. இவரும் கேக்கல.”

கூடத்தில் அவர் தினத்தாளை மடித்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. தெரியவில்லை.

அந்த மனிதர்தான் இப்போது ஓய்வு பெற்று, எந்தப் பொறுப்பும் இல்லாமல், யாரும் கூப்பிடாமல், பௌர்ணமிதோறும் இந்தப் பந்தலில் வந்து உட்கார்கிறார் என்று மைக்கில் இருந்த பையன் சொன்னான். போலீஸ்காரர்களும் அவரை ஒன்றும் சொல்வதில்லையாம்.

நான் சொல்லச் சொல்ல அவர் குழந்தையின் பெயரையும் உடையையும் துண்டுத்தாளில் எழுதி வயர்லெஸ் வைத்திருந்த ஏட்டையாவிடம் கொடுத்தார். இரண்டு நிமிஷத்தில் எங்கள் பந்தலின் ஒலிபெருக்கி பேசியது. “இனியா என்கிற பத்து வயதுச் சிறுமி, பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை. உன் அம்மா உதவி மையத்தில் காத்திருக்கிறார். உடனடியாக உதவி மையத்துக்கு வரவும்.” தொலைவில் அடுத்த ஒலிபெருக்கி அதையே பேசியது. அதற்கும் அப்பால் இன்னொன்று, மெலிதாக. மலையைச் சுற்றி ஒரே வாக்கியம் போய்க்கொண்டிருந்தது.

“எல்லா வாயும் ஒரே பேச்சு பேசுது பாரு,” என்றார். அந்த வாக்கியமே அவர் வேலையிலிருந்தபோது எழுதிக் கொடுத்ததுதான். “இப்ப நீ எங்கயும் போவக்கூடாது. நீ நவுந்தா எல்லாம் நவுந்துடும். இங்கயே உக்காரு.”

உட்கார்ந்தேன். தார் சாலை காய ஆரம்பித்தது. லாரியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனார்கள். ஆயிரக்கணக்கான வெறுங்கால்கள் அதை மிதித்துப் போயின. ஒவ்வொரு பச்சை நிறத்துக்கும் எழுந்து நின்றேன். விஷயம் தெரிந்து என் கணவர் திரும்பத் திரும்ப அழைத்ததில் சார்ஜ் தீர்ந்து என் போன் அணைந்துபோனது. மெஷினரி சார் தன் போனை என்னிடம் கொடுத்து, “வூட்டுக்காரருக்கு இந்த நம்பரைச் சொல்லிடு. நீயே வச்சிக்க” என்றார். ஓசூரிலிருந்து கிளம்பிவிட்டதாக என் கணவர் சொன்னார். “அங்கயே இரு, நான் வர்றவரைக்கும் எங்கயும் போயிடாத,” என்றார். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

ஒரு மணி நேரம் போனது. அதற்கு மேலும் போனது. எந்தப் பந்தலிலிருந்தும் தகவல் இல்லை. குழந்தை பின்னால் கோவில் பக்கம் போயிருந்தால்? ரமணாசிரமத்துக்கு எதிரே கடைகளில் நின்றிருந்தால்? அந்தப் பக்கம் யார் போய்ப் பார்ப்பார்கள்? நான் எழுந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“எதிர்ப்பக்கம் போவ முடியாதும்மா. வுட மாட்டாங்க. அந்தப் பக்கத்து மையத்துல ஆள் இருக்குது, அவங்க பார்ப்பாங்க.”

“உங்க பொண்ணா இருந்தா உக்காந்துனு இருப்பீங்களா சார்?”

“மெஷினரி ஓடினு இருக்கும்போது…”

“அக்காவை அன்னைக்கு பெஞ்சுல சாச்சு வச்ச மாதிரி என்னையும் உக்கார வக்கிறீங்களா?”

மைக்கில் இருந்த பையன்கூடத் திரும்பிப் பார்த்தான். அவர் என் கையை விட்டார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. ஜேசிபியைப் பார்த்தாரே, அதேபோல என்னைப் பார்த்தார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஏட்டையா என்னைப் பிடித்து உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

தெளிந்து பார்த்தபோது சிவப்பு நாற்காலி காலியாக இருந்தது.

“சார் எங்க?”

“அப்படிக்கா போனாரு,” என்று பையன் கைகாட்டினான். கூட்டம் வந்துகொண்டிருந்த திசை.

“வர்ற பக்கமா? எதிர்லயா?”

“ஆமாக்கா. நானும் சொன்னேன், அப்படிப் போவாதீங்க, திட்டுவாங்கன்னு. எதிர்த் திசையில் நடக்கக்கூடாதுன்னு போர்டு எழுதினதே அவருதான். கேக்கல. செருப்பக்கூட வுட்டுட்டுப் போயிட்டாரு.”

நாற்காலிக்கு அடியில் செருப்பு ஒழுங்காக, ஒட்டிவைத்தபடி இருந்தது.

அதன்பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெளிவாக நினைவில்லை. மேற்கே பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். குழந்தை முன்னால்தான் போயிருப்பாள், அங்கிருந்துதான் யாராவது வண்டியில் கொண்டுவருவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். உச்சிவெயில் ஏறியபோது முதுகுப்பக்கம் யாரோ என் புடவைத் தலைப்பை இழுத்தார்கள்.

“அம்மா, நீ இந்த மையத்துலதான் இருக்கியா?”

இனியா. கோவில் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். முகம் சிவந்து, உதடு காய்ந்து, உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்து. அழவில்லை. நான்தான் அழுதேன். கட்டிக்கொண்டேன், முதுகில் ஒன்று வைத்தேன், திரும்பக் கட்டிக்கொண்டேன்.

அவள் சொன்னதை நான் பலமுறை கேட்டு, பலமுறை மறந்து, இப்போதுதான் கோர்வையாக எழுதமுடிகிறது. மோர் குடித்துத் திரும்பியபோது என்னைக் காணவில்லை. அம்மா முன்னால் போய்விட்டாள் என்று நடந்திருக்கிறாள். நான் திரும்பி ஓடப் பார்த்த நேரத்தில், பிறகு நான் போய் உட்கார்ந்த பந்தலையும் தாண்டிவிட்டாள். கொஞ்ச தூரத்தில் ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொல்லி, உதவி மையத்தில் அம்மா காத்திருப்பதாகச் சொன்னது. அந்த மையத்துக்குள் எட்டிப்பார்த்தாள். நான் இல்லை. அதற்குள் அதற்கு அடுத்த ஒலிபெருக்கி, முன்னாலிருந்து, அதையே சொல்லிக் கூப்பிட்டது. அப்படியானால் அம்மா அடுத்த மையத்தில்தான் இருக்கிறாள். அங்கேயும் இல்லை. அதற்கடுத்தது கூப்பிட்டது. திரும்பி நடக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தெரியாதவர்களிடம் பேசக்கூடாது என்றும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து பாடிக்கொண்டு வந்த பெண்கள் கூட்டத்தோடு ஒட்டி நடந்ததால், தனியாக வருகிற குழந்தை என்று யாருக்கும் படவில்லை. மையங்களில் இருந்தவர்கள் அழுகிற குழந்தையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒவ்வொரு ஒலிபெருக்கியாக அவளைக் கூப்பிட்டு, முழு மலையையும் சுற்றவைத்து, கடைசியில் என்னிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன.

எல்லாம் சரியாக வேலை செய்திருக்கிறது. யாரும் தவறு செய்யவில்லை. அதனால்தான் அவள் தொலைந்திருக்கிறாள். அதனால்தான் வந்தும் சேர்ந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தபிறகு அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். இயந்திரங்கள் என்றது. இயந்திரத்தின் உள்பாகங்கள் என்றது. ஒரு காரியத்தை நடத்துகிற அமைப்பு என்றது. மூன்றையும் அவர் முதல் வாரமே கடிகாரத்தைத் திறந்து காட்டிவிட்டார். அன்று என் மகளை நடத்தியது அமைப்பா, இல்லை அவளும் நானும் அதன் உள்பாகங்களாகச் சுற்றினோமா என்பதற்கு அகராதியில் ஒன்றும் இல்லை.

ஏட்டையா வயர்லெஸ்ஸில், “குழந்தை கிடைச்சாச்சு, எல்லாப் பாயிண்ட்டும் நோட் பண்ணிக்கோங்க” என்றார். ஒலிபெருக்கிகள் ஒவ்வொன்றாக அடங்கின. இனியாவின் காலில் களிம்பு தடவினார்கள். யாரோ இட்லி கொண்டுவந்தார்கள். என் கணவர் ஊத்தங்கரையைத் தாண்டிவிட்டதாகப் போனில் சொன்னதும் எனக்குப் பசித்தது. நானும் சாப்பிட்டேன். பந்தலில் இருந்தவர்கள் சிரித்துப் பேச ஆரம்பித்தார்கள். “பாப்பா, புண்ணியம் எல்லாம் உனக்குத்தான், உங்கம்மா உக்காந்துனே சுத்திட்டாங்க” என்று ஏட்டையா கேலி செய்தார்.

மடியில் இருந்த போன் அடித்தது. என் கணவர் என்று நினைத்து எடுத்தேன்.

“இன்னாங்க, மணி இன்னா ஆவுது, சாப்பிட வரலியா?” அக்காவின் குரல். “மாத்திரை போட்டீங்களா இல்லியா?”

நான் யார் என்று சொன்னேன். சந்தோஷப்பட்டார். “நீயாம்மா! எப்படி இருக்கிற? அவரு அங்கதான் இருக்காரா?”

“இங்கதான்க்கா…” என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைப் பார்த்தேன். அது காலியாகவே இருந்தது. சார் கையில் வயர்லெஸ் கிடையாது. பொறுப்பில் இல்லாதவருக்கு யார் கொடுப்பார்கள்? போன் என் மடியில். அந்த வெயிலில் அவரைத் தேடி எந்தப் பக்கம் ஆள் அனுப்புவது, என்னவென்று மைக்கில் சொல்வது என்று ஏட்டையாவுக்கும் தெரியவில்லை. அக்கா போனில், “ஹலோ, ஹலோ” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது மேற்கே கூட்டத்தில் ஒரு சலசலப்பு. “யோவ் பெரியவரே, கண்ணு தெரியல?” என்று யாரோ கத்தினார்கள். போகிறவர்களை விலக்கிக்கொண்டு, இடிபட்டு, எதிரே ஒருவர் வந்தார். மலையை எதிர்ப்புறமாக முழுக்கச் சுற்றி வந்திருக்கிறார். சட்டை பனியனோடு ஒட்டியிருந்தது. ஒரு பேனா இல்லை. விபூதி வியர்வையில் கரைந்து புருவத்தில் இறங்கியிருந்தது. காலைத் தரையில் முழுதாக வைக்க முடியாமல் விளிம்பில் நடந்துவந்தார். பெண்கள் கூட்டம் ஒவ்வொன்றிலும் குனிந்து குனிந்து முகம் பார்த்துக்கொண்டே வந்தவர், பந்தலின் நிழலில் இட்லி தின்றுகொண்டிருந்த பச்சைப் பாவாடைக்கு எதிரே வந்து நின்றார். வெகுநேரம் அவளைப் பார்த்தார். பிறகு ஏட்டையாவை, மைக்கை, கடைசியில் என்னை.

“கொழந்த கெடைச்சிடுச்சின்னு,” என்றார், “எனக்கு யாருமே சொல்லலியேம்மா.”